அக்காவின் கார்: ஒரு கொட்டேஷன் தாளை வரிவரியாகப் பேசிய கதை

2024 டிசம்பர் 14, சனிக்கிழமை காலை. திருநெல்வேலியில் ஒரு கார் ஷோரூம். அக்கா, அத்தான், நான் மூன்று பேரும் போயிருந்தோம். அக்கா பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. 2014-இல் வாங்கிய சின்ன காரைப் பத்து வருடம் ஓட்டிவிட்டாள். ஒரு தடவைகூட இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டதில்லை. அந்த விஷயம் பின்னால் பெரிய தொகையாக வந்து நிற்கப்போகிறது என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு நாங்கள் செய்த முதல் தவறு, உள்ளே போன பத்தாவது நிமிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. "பொங்கலுக்குள்ள வண்டி வந்துரணும் தம்பி, இந்தக் கிரே கலர்தான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் அக்கா. விற்பனையாளருக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். நல்ல பிள்ளை, பேச்சில் அத்தனை மரியாதை. ஆனால் எந்த மாடல், எந்த நிறம், எப்போது வேண்டும் என்ற மூன்றும் கைக்குக் கிடைத்துவிட்டால் எந்த விற்பனையாளரும் விலையில் அவசரப்பட்டு இறங்க வேண்டியதில்லை. அவரும் இறங்கவில்லை.

டெஸ்ட் டிரைவ் முடிந்து வந்ததும் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் ஒரே ஓர் எண்ணை எழுதினார். "ஆன் ரோடு பத்து எழுபத்தொண்ணு மேடம். உங்களுக்காக முப்பதாயிரம் குறைச்சு பத்து நாற்பத்தொண்ணுக்கு முடிச்சுத் தரேன். இன்னைக்கே அஞ்சாயிரம் டோக்கன் போட்டீங்கன்னா இந்த ரேட்டை லாக் பண்ணிடலாம்." அத்தான் பர்ஸை எடுத்துவிட்டார். முப்பதாயிரம் குறைகிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, இதை லெட்டர்ஹெட்ல, வரிவரியா பிரிச்சு பிரிண்ட் போட்டுக் கொடுங்க." கொஞ்சம் தயங்கினார். சிஸ்டம் ஸ்லோ என்றார், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். இருபது நிமிடத்தில் தாள் வந்தது. டோக்கன் போடாமல் கிளம்பினோம். இந்தக் கதை முழுக்க அந்த ஒரு தாளைப் பற்றியதுதான்.

தாளில் என்ன இருந்தது

எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது ஆயுட்கால வரி, பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் சேராத வண்டி விலை, 8,40,000. ஆயுட்கால வரி 1,09,200. ரெஜிஸ்ட்ரேஷன் 12,500. இன்சூரன்ஸ் 46,800. எக்ஸ்டெண்டட் வாரண்டி 16,500. ஆக்சசரீஸ் கிட் 24,900. பெயிண்ட் கோட்டிங் 14,000. ஹேண்ட்லிங் சார்ஜ் 6,500. ஃபாஸ்டேக் 600. கூட்டினால் சரியாக 10,71,000.

இதில் யாராலும் அசைக்க முடியாதது ஒரே வரிதான், ஆயுட்கால வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இந்த வரியை மாற்றினார்கள். 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், அதற்கு மேல் 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கும் மேல் போனால் 20. எட்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு 13 சதவீதம் போட்டால் 1,09,200 வருகிறது. தாளில் இருந்ததும் அதேதான், சரி.

எக்ஸ் ஷோரூம் விலையைக் கம்பெனி நிர்ணயிக்கிறது. டீலர் அதைக் கூட்டவும் மாட்டார், தாளில் குறைத்துக் காட்டவும் மாட்டார். தள்ளுபடி என்று தனியாகத்தான் கழிப்பார். (2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கிவிட்டது. இன்று அதே வண்டிக்கு இந்த எண்கள் மாறும். தாளில் வரும் தலைப்புகளின் பெயர்கள் மாறாது.)

இந்த இரண்டும் போக, தாளின் மீதி ஏழு வரிகள் சேர்ந்து 1,21,800 ரூபாய். எங்களுக்குக் கொடுத்த முப்பதாயிரம் தள்ளுபடியைப் போல நான்கு மடங்கு. அத்தான் வீட்டில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு இதைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவே இல்லை.

விற்பனையாளருக்கு மாதச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஆக்சசரீஸ், இன்சூரன்ஸ், லோன் ஆகியவற்றில் வரும் இன்சென்டிவ்தான் அவருக்கு வருமானம். டீலருக்கும் அப்படித்தான், வண்டியை விற்பதில் கிடைக்கும் லாபம் குறுகியது, சுற்றியுள்ள சாமான்களில்தான் ஓடுகிறது. அதனால் "எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் அவர்களுக்குச் சிரமமே இல்லை. ஒரு பக்கம் குறைத்ததை இன்னொரு பக்கம் சேர்த்துவிடலாம். "இந்த வரி எதுக்கு?" என்று கேட்டால்தான் பேச்சு மாறுகிறது.

முதல் நாள் இன்னொரு வலையும் இருந்தது. "வெறும் ஒண்ணே முக்கால் லட்சம்தான் மேடம், டாப் வேரியன்ட்டே எடுத்துடலாமே, சன்ரூஃப் வருது" என்றார். டாப் வேரியன்ட் எக்ஸ் ஷோரூம் 10,20,000. வித்தியாசம் 1,80,000 என்றுதானே தோன்றும்? 10 லட்சத்தைத் தாண்டியதும் முழு விலைக்கும் 18 சதவீத வரி. அதாவது 1,83,600. வரியில் மட்டும் 74,400 கூடுகிறது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ்ஸும் (விற்கிறவரே நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) கட்ட வேண்டும், அது 10,200. அந்தப் பணத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் வண்டி எடுக்கும் அன்று கையிலிருந்து போக வேண்டியதுதான். ஆக, ஒண்ணே முக்கால் என்று சொன்னது இன்சூரன்ஸ் உயர்வைச் சேர்க்காமலே 2,64,600. ஒன்பதரை லட்சத்துக்கும் பத்தரை லட்சத்துக்கும் நடுவில் ஊசலாடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வேரியன்ட்டை மாற்றவே கூடாது.

நடுவில் கிடைத்த பதின்மூன்று நாள்

அடுத்த முறை ஷோரூமுக்குப் போனது டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை. அந்த இடைவெளியில் நடந்ததுதான் எங்கள் பேரத்தின் பெரும்பகுதி என்று நினைக்கிறேன்.

முதலில் பழைய கார். ஷோரூமில் 1,75,000 என்றார்கள், கூடவே எக்ஸ்சேஞ்ச் போனஸ் 15,000. பழைய கார் வியாபாரிகள் இரண்டு பேரிடம் காட்டினோம். ஒருவர் 2,10,000, இன்னொருவர் 2,25,000. எக்ஸ்சேஞ்ச் போனஸுக்காக ஷோரூமிலேயே கொடுத்திருந்தால் பதினைந்தாயிரம் கிடைத்த மகிழ்ச்சியில் ஐம்பதாயிரத்தை விட்டிருப்போம்.

இன்சூரன்ஸ்தான் நான் அதிக நேரம் செலவழித்தது. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். 1000 சிசிக்கு மேல் 1500 வரை உள்ள காருக்கு அதன் பிரீமியம் 10,640 என்று அரசே நிர்ணயித்திருந்தது, எங்கே வாங்கினாலும் அதே விலை. வித்தியாசம் வருவதெல்லாம் சொந்தச் சேதத்துக்கான பகுதியில்தான். அங்கேதான் அக்காவின் பத்து வருடப் பொறுமை பலன் கொடுத்தது. ஐந்து வருடம் தொடர்ந்து கிளெய்ம் இல்லாவிட்டால், அந்தப் பகுதியின் பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி 50 சதவீதத்தைத் தொடும். அது காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கிவிட்டால் புதுக் காரின் பாலிசிக்கு அதைக் கொண்டுபோகலாம். ஷோரூமில் அக்காவிடம் "பழைய பாலிசி இருக்கா மேடம்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. 46,800 என்ற தொகை போனஸே இல்லாமல் போட்டது. அதே ஐடிவி (காப்பீட்டில் வண்டிக்குப் போடும் மதிப்பு) 7,98,000, அதே ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கிளெய்ம் தரும் கவர்), அதே இன்ஜின் பாதுகாப்பு, எல்லாம் ஒன்றாக வைத்து வெளியே கேட்டபோது 29,400 வந்தது.

லோன்: ஷோரூம் மூலம் 9.75 சதவீதம் என்றார்கள். அக்காவின் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 9. ஆறு லட்சம், ஐந்து வருடம். மாதத் தவணை 12,675-க்குப் பதில் 12,455. "மாசம் இருநூத்து இருபது ரூபாதானே அண்ணே" என்றார் விற்பனையாளர் போனில். அறுபது மாதத்துக்கு அது 13,200. இருநூற்று இருபது என்று சொல்லும்போது சின்னதாக இருப்பது அறுபதால் பெருக்கினால் இரண்டு புது டயரின் விலை.

அப்புறம் நாகர்கோவிலில் அதே கம்பெனியின் இன்னொரு டீலரிடம் போனில் கேட்டு, கொட்டேஷனை மெயிலில் வாங்கினேன். கேஷ் டிஸ்கவுன்ட் 25,000 போட்டிருந்தார்கள், ஹேண்ட்லிங் சார்ஜ் என்ற வரியே இல்லை. இந்த ஒரு தாள் இல்லையென்றால் நாங்கள் அன்று பேசியதற்கு வலுவே இருந்திருக்காது.

மார்கழி

இதற்கு நடுவில் அம்மா ஒரு குண்டைப் போட்டாள். "மார்கழியிலயா வண்டி எடுப்பீங்க? தை பிறக்கட்டும்." அக்காவுக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த டிசம்பரில் கார் கம்பெனிகள் ஜனவரி முதல் விலையேற்றம் என்று அறிவித்திருந்தன. மாருதி நான்கு சதவீதம் வரை, ஹூண்டாய் இருபத்தைந்தாயிரம் வரை. விற்பனையாளர் "ஜனவரில ஏறிடும் மேடம்" என்று சொன்னது பொய்யில்லை. அவர்கள் சொல்வதெல்லாம் தந்திரம் என்று எடுத்துக்கொண்டால் நமக்குத்தான் நஷ்டம். எதைச் சரிபார்க்க முடியுமோ அதைச் சரிபார்த்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் மார்கழியும் ஆடியும் கார் விற்பனைக்குக் கஷ்டமான மாதங்கள். ஆனால் மார்கழியின் பாதி டிசம்பரில் விழுகிறது. டிசம்பர் 31 என்றால் மாத இலக்கு, காலாண்டு இலக்கு, வருட முடிவு மூன்றும் ஒரே நாளில் முடியும். அதைத் தாண்டிவிட்டால் யார்டில் நிற்கும் வண்டியெல்லாம் "போன வருட வண்டி". ஆர்சியில் தயாரிப்பு மாதமும் வருடமும் அச்சாகும், நாளைக்கு விற்கப்போகும்போது வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். டீலர் அந்த வண்டிகளைக் கடன் வாங்கித்தான் நிறுத்தி வைத்திருப்பார், அதற்கு வட்டியும் ஓடுகிறது. ஆக, வாங்குகிறவர்கள் தையைப் பார்த்துக் காத்திருக்கும் நேரத்தில் விற்கிறவர்களுக்கு 31-ஆம் தேதி நெருக்குகிறது. டிசம்பரிலேயே பதிவு செய்ய ஒத்துக்கொள்ளும் வாடிக்கையாளர் அவர்களுக்கு அரிது.

அம்மாவிடம் கேட்டோம்: பதிவு மட்டும் டிசம்பரில் போட்டு, வண்டியைத் தையில் எடுத்தால்? யோசித்துவிட்டு, "வீட்டு வாசலுக்கு வர்ற நாள்தான் நாள்" என்றாள்.

இரண்டாவது அமர்வு

27-ஆம் தேதி மாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, எழுந்தபோது ஏழே முக்கால். இந்த முறை பேசுவது நான், முடிவெடுப்பது அக்கா என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம்.

தள்ளுபடியைப் பற்றி முதலில் வாயே திறக்கவில்லை. தாளை மேஜையில் வைத்து, பென்சிலால் கீழிருந்து மேலாகப் போனேன். "ஹேண்ட்லிங் சார்ஜ் எதுக்கு தம்பி?" யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டி கொண்டுவர என்றார். அது எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே வர வேண்டியதுதானே, இதற்கு என்ன ரசீது கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

அன்று மாலை அவர் அப்படி மூன்று முறை எழுந்து போனார். ஒவ்வொரு முறையும் பத்து பன்னிரண்டு நிமிடம். காப்பி வந்தது, பிஸ்கட் வந்தது. அந்தக் காத்திருப்பில்தான் மனசு இளகும். இவ்வளவு நேரம் அந்தப் பிள்ளையை அலைக்கழிக்கிறோமே என்று அக்காவே என் கையைப் பிடித்தாள். அந்த இரக்கம் நல்ல குணம்தான். ஆனால் 6,500 ரூபாய் அந்தப் பிள்ளையின் பைக்குப் போகவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். நான் அக்காவிடம் சொன்னதும் அதுதான்.

முதல் முறை திரும்பி வந்தபோது ஹேண்ட்லிங் சார்ஜ் போய்விட்டது. பெயிண்ட் கோட்டிங் வேண்டாம் என்றதும் அதிகம் பேசாமல் அடித்தார். ஆக்சசரீஸ் கிட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னோம். மேட், மட்ஃப்ளாப், கதவு விளிம்பு, குரோம் பட்டைகள், ஒரு கார் பெர்ஃப்யூம்கூட இருந்தது. வேண்டியதை மட்டும் வைத்தோம், 9,200. ரெஜிஸ்ட்ரேஷனில் காருக்கான பதிவுக் கட்டணம் 600 ரூபாய்தான். லோன் பதிவு, ஸ்மார்ட் கார்டு, சாலைப் பாதுகாப்பு வரி எல்லாம் சேர்ந்தாலும் பன்னிரண்டாயிரம் வராது என்றேன். 6,000 என்று முடிந்தது.

இன்சூரன்ஸில்தான் இழுபறி. "வெளியே போட்டா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்றார். கேஷ்லெஸ் என்றால் ரிப்பேர் செலவை இன்சூரன்ஸ் கம்பெனியே ஒர்க்ஷாப்புக்கு நேராகக் கட்டுவது. அது அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம், எங்கே பாலிசி வாங்கினோம் என்பதல்ல. எங்களுக்கு 29,400 கொடுத்த கம்பெனியின் பட்டியலில் இதே ஷோரூமின் ஒர்க்ஷாப் இருந்ததை போனில் காட்டினேன். இந்த முறை மேனேஜரே வந்தார். நோ கிளெய்ம் கடிதத்தைப் பார்த்துவிட்டு, அவருடைய கம்பெனியிலேயே அதே கவர்களோடு 31,500 போட்டுத் தருகிறேன் என்றார். இரண்டாயிரத்து நூறு அதிகம்தான். ஆனால் டிசம்பர் 31-க்குள் எல்லாக் காகிதமும் ஓரிடத்தில் முடிய வேண்டியிருந்தது. ஒத்துக்கொண்டோம். இதில் நான் இன்னும் நின்றிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எக்ஸ்டெண்டட் வாரண்டியை மட்டும் தொடவில்லை. அக்கா பத்து வருடம் ஓட்டுகிறவள், அவளுக்கு அது தேவை.

எல்லா வரியும் முடிந்த பிறகுதான் நாகர்கோவில் தாளை எடுத்தேன். "சார், 31-க்குள்ள ரெஜிஸ்டர் பண்ணிக்கோங்க, எங்களுக்குத் தடையில்லை. கேஷ் டிஸ்கவுன்ட் எவ்வளவு தருவீங்க?" மேனேஜர் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனைப் பார்த்தார். முதல் நாள் சொன்ன முப்பதாயிரத்தில் எக்ஸ்சேஞ்ச் போனஸ் போக 15,000 என்றிருந்தது 32,000 ஆனது. பழைய காரை வெளியே விற்றாலும், பெயர் மாற்றிய ஆர்சி நகலைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 15,000 உண்டு என்றும் அவரே சொன்னார். இது எல்லா டீலரிடமும் நடக்குமா என்பது வேறு விஷயம், ஆனால் கேட்டால்தான் தெரியும்.

மொத்தம் 9,66,000. முதல் நாள் "உங்களுக்காக" என்று சொன்ன 10,41,000-ஐ விட 75,000 குறைவு. அதில் தள்ளுபடி கூடியதால் வந்தது 17,000 மட்டும். மீதி 58,000 ரூபாயும் தாளிலிருந்த அந்தச் சின்ன வரிகளிலிருந்து வந்தது.

யார்டில் பார்த்தது

பணம் கட்டும் முன் சேஸிஸ் நம்பரைக் கேட்டோம். ஒதுக்கியிருந்த வண்டி 2024 ஜூனில் தயாரானது. ஆறு மாதம் வெயிலில் நின்ற வண்டி வேண்டாம் என்றோம். அக்டோபர் வண்டி ஒன்று வெள்ளை நிறத்தில் இருந்தது, கிரே இல்லை. இங்கேதான் முதல் நாள் கிரே என்று சொன்னது எங்களையே பிடித்துக்கொண்டது. "மேடம் ஆசைப்பட்டது கிரேதானே" என்று ஜூன் வண்டியையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கடைசியில் அக்காவே சொன்னாள்: "வெள்ளையே இருக்கட்டும் தம்பி."

30-ஆம் தேதி யார்டுக்குப் போய், குனிந்து டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் சின்ன ஓவலுக்குள் நான்கு இலக்கம், 3824. 2024-இன் 38-ஆவது வாரம். நான்கு டயரும் ஒன்றுபோல இருந்தன, ஸ்டெப்னியும் அதற்கு அடுத்த வாரம்தான். ஓடோமீட்டரில் 14 கிலோமீட்டர். பதிவுக்குப் பிறகு டெலிவரி வரை யார்டில் கீறல் விழுந்தால் டீலர் பொறுப்பு, வாரண்டி டெலிவரி நாளிலிருந்து என்று இரண்டு வரி எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினோம். அதன் பிறகுதான் வங்கியிலிருந்து பணம் போனது, டீலரின் கணக்குக்கு நேராக.

தை முதல் மூன்று நாளும் கரிநாள். அதனால் நான்காம் நாள், ஜனவரி 17 வெள்ளிக்கிழமை, வண்டி வந்தது. நெல்லையப்பர் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினோம். 17 நாள் இன்சூரன்ஸ் வீணாகப் போனது, தவணையும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. அம்மாவின் மனசுக்காக அதை நாங்கள் தெரிந்தே கொடுத்தோம்.

டெலிவரி அன்று அந்தத் தம்பி அக்காவிடம், "டிசம்பர்ல எனக்கு எட்டு வண்டி டார்கெட் மேடம். உங்களோடதுதான் எட்டாவது" என்றார். அக்கா அவருக்கு ஒரு கிலோ அல்வா வாங்கிக் கொடுத்தாள்.

பிப்ரவரியில் அக்காவுடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் அதே ஷோரூமுக்குப் போய்த் தாளோடு வந்தார். ஸ்டாஃப் ரூமில் அதை விரித்துப் பார்த்த அக்கா உடனே எனக்கு போன் செய்தாள். ஹேண்ட்லிங் சார்ஜ் 6,500 அப்படியே இருக்கிறதாம். அடுத்து அந்தத் தம்பிக்கே போன் போட்டிருக்கிறாள்.

"தம்பி, இந்த வரியை எங்களுக்கு அடிச்சீங்கல்ல?"

"அடிச்சிடலாம் மேடம். அவங்க கேக்கலையே."

அக்கா அந்த டீச்சரிடமிருந்து பேனாவை வாங்கி அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். அப்புறம் இன்சூரன்ஸ் வரிக்கு வந்தாள்.